பிரிட்டனில் கோயிலோ அறக்கட்டளையோ சக்கர நாற்காலி வேன் வாங்கும்போது வாட் சலுகை பெறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், முதியோர் நலச் சங்கம் என எந்த நிர்வாகக் குழுவிலும் வேன் வாங்கும் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "நாம ரெஜிஸ்டர்ட் சாரிட்டிதானே, வாட் கட்டத் தேவையில்லை." அந்த நம்பிக்கையில் வேனுக்கு முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு திண்டாடும் குழுக்கள் உண்டு. அதற்கு நேர்மாறாக, முழு உரிமை இருந்தும் கேட்கத் தெரியாமல் ஆயிரக்கணக்கான பவுண்டுகளை வரியாகக் கட்டிவிடும் அறக்கட்டளைகளும் உண்டு. இரண்டுமே நன்கொடையாளர்களின் பணம். அதனால்தான் இதைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைப் பிடித்துக்கொள்வோம். இந்தச் சலுகை, வாங்குவது யார் என்பதை மட்டும் பார்த்துத் தரப்படுவதில்லை. வண்டியில் ஏறப்போவது யார், அவர்களுக்காக வண்டி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, வாங்கும் அமைப்பு அவர்களுக்கு என்ன செய்கிறது ஆகிய மூன்றையும் சட்டம் பார்க்கிறது. சமயப்பணி செய்யும் அறக்கட்டளை என்பது மட்டும் போதாது. அதே சமயம், சமயப்பணி செய்வதால் தகுதி போய்விடுவதும் இல்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரியின் வழக்கமான விகிதம் 20 சதவீதம். ஒரு நிறுவனம் வண்டி வாங்கினால் பல நேரங்களில் தான் கட்டிய வாட்டைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ள வழி இருக்கும். கோயிலுக்கு அது கிடையாது. உண்டியல், காணிக்கை, நன்கொடை எதுவும் வாட் கணக்குக்குள் வராத வருமானம். ஆகவே கட்டும் வரி அப்படியே செலவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் வேன் 32,000 பவுண்டு. லிஃப்ட், தரைப் பட்டைகள், சக்கர நாற்காலியைப் பூட்டும் வார்கள் எல்லாம் பொருத்தி மாற்றியமைக்க 14,000 பவுண்டு. மொத்தம் 46,000. இதற்கு வாட் 9,200 பவுண்டு. சலுகை முழுமையாகக் கிடைத்தால் இந்த 9,200 மிச்சம். முறை தவறினால் இதில் பெரும்பகுதி கைவிட்டுப் போகும். எப்படிப் போகும் என்பதைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழுவது அங்கேதான்.

இந்தச் சலுகைகள் இருப்பது மதிப்புக் கூட்டு வரிச் சட்டம் 1994இன் எட்டாவது அட்டவணையில். அதில் 12ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கான பொருட்களைப் பற்றியது, 15ஆம் பிரிவு அறக்கட்டளைகளைப் பற்றியது. வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. இவற்றை விளக்கி வெளியிட்டிருக்கும் கையேடுகளில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு: வாகனங்களுக்கான 701/59, அறக்கட்டளை நிதியில் வாங்கும் கருவிகளுக்கான 701/6. டீலரிடம் பேசும்போது இந்த எண்களைச் சொன்னால் பேச்சு சட்டென்று நேர்வழிக்கு வந்துவிடும்.

படி 1: யார் ஏறப்போகிறார்கள் என்று எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு தாள் எடுங்கள். வேன் வந்தால் வழக்கமாக ஏறப்போகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், எத்தனை பேர் பார்வையற்றோர், காது கேளாதோர், மனவளர்ச்சி குன்றியோர், மற்றவர்கள் யார் என்று குறியுங்கள். எங்கிருந்து எங்கே, எதற்காக என்பதையும் எழுதுங்கள்.

இந்தத் தாள் பல கோயில்களுக்கு ஒரு கசப்பான உண்மையைக் காட்டும். விம்பிள்டனோ ஈலிங்கோ லூயிஷமோ, லண்டனின் எந்தப் பகுதியானாலும், வெள்ளிக்கிழமை பூசைக்கு வர வண்டி கேட்பவர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள். முழங்கால் வலி, படியேற முடியாது, குளிரில் பஸ்ஸுக்கு நிற்க முடியாது. அவர்களுக்கு வண்டி கட்டாயம் தேவை, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வாட் சட்டத்தின் கண்ணில் வயது முதிர்ந்து தளர்ந்திருப்பது மட்டும் மாற்றுத்திறன் ஆகாது. நாட்பட்ட நோயோ, நீண்டகால உடல் அல்லது மனக் குறைபாடோ இருக்க வேண்டும். கால் முறிந்து சில வாரம் சக்கர நாற்காலியில் இருப்பவரும் இந்தக் கணக்கில் சேர மாட்டார். எப்போதாவது விமான நிலையத்திலோ மருத்துவமனையிலோ மட்டும் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவரும் அப்படியே. வழக்கமாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர் என்பதே சட்டத்தின் சொல்.

அதே முதியவருக்குப் பக்கவாதம் வந்து கை கால் விளங்கவில்லை என்றாலோ, பார்கின்சன் நோய் இருந்தாலோ அவர் கணக்கில் வருவார். முதுமையால் அல்ல, நோயால். எனவே "சீனியர்கள் 30 பேர்" என்று மொத்தமாக எழுதாமல் ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகக் குறிப்பது முக்கியம். மருத்துவ விவரம் என்பதால் அவர்களிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி கேட்டு, தாளைப் பத்திரமாகப் பூட்டி வையுங்கள்.

படி 2: உங்களுக்குத் திறக்கும் கதவு எது?

மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு 12ஆம் பிரிவில் இருக்கிறது. எந்த அறக்கட்டளையும், கோயில் உட்பட, இதைத் தட்டலாம். வழக்கமாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கோ ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லப்படும் ஒருவருக்கோ, அவருடைய சொந்த உபயோகத்துக்காக ஒரு தகுதியான வண்டியை அறக்கட்டளை வாங்கிக் கொடுக்கிறது. விற்றாலும் சரி, இலவசமாகத் தந்தாலும் சரி, பயன்படுத்தக் கொடுத்தாலும் சரி. வண்டி ஓட்டுநரையும் சேர்த்து 12 பேருக்கு மேல் ஏற்ற முடியாததாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் உள்ளே ஏறி ஓட்டவோ பயணிக்கவோ வசதியாக வடிவமைக்கப்பட்டதாகவோ, கணிசமாகவும் நிரந்தரமாகவும் மாற்றியமைக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். அவர் சாதாரண இருக்கைக்கு மாறி உட்கார்ந்துகொள்ள, அவருடைய சக்கர நாற்காலியைத் தூக்கி வைப்பதற்கென்றே பொருத்திய அமைப்பு இருந்தாலும் தகுதி உண்டு.

இரண்டாவது கதவு 15ஆம் பிரிவு. இது அகலமானது, ஆனால் வாசலில் காவல் அதிகம். இங்கே வாங்கும் அமைப்பே தகுதி பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். லாப நோக்கற்ற மருத்துவமனைகள், மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்போ சிகிச்சையோ தரும் அறநிறுவனங்கள் போன்றவை இதில் வரும். பராமரிப்பு ஓர் இடத்தில் நடக்க வேண்டும், அங்கு பராமரிப்புப் பெறுவோரில் பெரும்பான்மையோர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். பகல்நேரப் பராமரிப்பு மையம் என்றால் அது முக்கியமாகப் பொழுதுபோக்குக்கோ கூடிப் பழகுவதற்கோ நடப்பதாக இருக்கக் கூடாது. புதன்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் முதியோர் கூடி, பஜனை பாடி, மதியம் சாப்பிட்டுப் போவது எவ்வளவு நல்ல காரியமானாலும் இதில் சேராது.

ஆனால் எச்.எம்.ஆர்.சி. இங்கே ஒரு தளர்வு தருகிறது. பெரும்பாலும் மாற்றுத்திறனாளிகளுக்கே போக்குவரத்துச் சேவை தரும் அறக்கட்டளையையும், மாற்றுத்திறனாளிகளின் தனிப்பட்ட தேவைகளுக்கான பராமரிப்பே ஒரே நோக்கமாக உள்ள அறக்கட்டளையையும் தகுதி பெற்றவையாகவே ஏற்றுக்கொள்கிறது. வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் மாற்றுத்திறனாளிகளை ஏற்றி இறக்கும் சேவையை உண்மையாகவே நடத்துகிறீர்கள் என்றால் இந்தத் தளர்வு உங்களுக்கானது. அப்படிப்பட்ட சேவையைக் கோயில் கணக்கிலிருந்து பிரித்து, தனி நோக்கங்களோடு தனி அறக்கட்டளையாக நடத்துவது நல்லது என்பது என் கருத்து. அப்போது கோயிலின் மற்ற வேலைகள் அந்தத் தனி அறக்கட்டளையின் தகுதியைக் குழப்பாது. ஆனால் வரியை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் காகிதத்தில் ஓர் அறக்கட்டளையைப் பிறப்பிக்காதீர்கள். நடைமுறையில் வண்டி கோயிலுக்குத்தான் ஓடுகிறது என்றால் அந்தக் காகிதம் நிற்காது.

மூன்றாவது கதவைப் பலர் கவனிப்பதே இல்லை. நீங்கள் தகுதி பெற்ற அமைப்பாக இல்லாவிட்டாலும், தகுதி பெற்ற ஓர் அமைப்புக்கு நன்கொடையாகத் தர வண்டி வாங்கினால் 15ஆம் பிரிவின்படி பூஜ்ய வரி. எந்த அமைப்புக்கு என்று வாங்கும்போதே பெயர் குறிப்பிட வேண்டும். பணம் அறக்கட்டளையிடமிருந்தோ பொதுமக்களின் நன்கொடையிலிருந்தோ வந்ததாக இருக்க வேண்டும். பெறும் அமைப்பு அறக்கட்டளையாக இல்லாவிட்டால், உதாரணமாக அரசு மருத்துவமனை என்றால், அது தன் பங்காக ஒரு பென்னிகூடப் போடக் கூடாது. கோயில் தேர்த்திருவிழாவில் நிதி திரட்டி, மரணத்தறுவாயில் உள்ள நோயாளிகளைப் பராமரிக்கும் வட்டாரத்து ஹாஸ்பிஸ் ஒன்றுக்கு வேன் வாங்கிக் கொடுக்க நினைக்கும் குழுக்களுக்கு இதுதான் வழி. சொந்தமாக வண்டி வைத்து, ஓட்டுநர் தேடி, இன்ஷூரன்ஸ் கட்டி அல்லாடுவதைவிட, சில குழுக்களுக்கு இதுவே நிம்மதியான தருமம்.

எந்தக் கதவும் திறக்கவில்லை என்றால்? 20 சதவீதத்தைக் கட்டி வாங்குங்கள், அல்லது வட்டாரத்துச் சமூகப் போக்குவரத்து அமைப்பிடம் வேண்டிய நாளுக்கு மட்டும் வேனை வாடகைக்கு எடுங்கள். இழுத்துப் பிடித்துத் தகுதி காட்டப் பார்க்காதீர்கள்.

படி 3: வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் கதவு வழியாகப் போகிறவர்களுக்கு 12 பேர் என்ற எல்லை. இரண்டாவது, மூன்றாவது கதவுகளில் 50 இருக்கை வரை போகலாம், ஆனால் இருக்கைகள் கூடக் கூடச் சக்கர நாற்காலிக்கான இடங்களும் கூட வேண்டும். 16 இருக்கை வரை ஒரு சக்கர நாற்காலி இடம் போதும். 17 முதல் 26 வரை குறைந்தது 2, 27 முதல் 36 வரை 3, 37 முதல் 46 வரை 4, அதற்கு மேல் 5. மின்சாரத்திலோ ஹைட்ராலிக்கிலோ இயங்கும் லிஃப்ட் பொருத்தியிருக்க வேண்டும். 17 இருக்கைக்குக் குறைந்த வண்டிகளுக்கு மட்டும் லிஃப்டுக்குப் பதிலாகப் பொருத்திய சாய்தளம் இருக்கலாம்.

பொருத்திய என்பதைக் கவனியுங்கள். மடக்கிப் பின்னால் போட்டு எடுத்துச் செல்லும் அலுமினியப் பலகை சாய்தளமாக எண்ணப்படாது. வண்டியைப் பார்க்கப் போகும்போது குனிந்து அடியில் பாருங்கள். சாய்தளத்தின் கீல் தரைச் சட்டத்தோடு போல்ட் போட்டோ வெல்டிங் வைத்தோ பிடிக்கப்பட்டிருக்கிறதா? சக்கர நாற்காலியைப் பூட்டும் தண்டவாளம் போன்ற பட்டைகள் தரையோடு பதிந்திருக்கின்றனவா? ஸ்பானர் இல்லாமல் கழற்ற முடிகிற எதையும் நிரந்தரம் என்று வாதாடுவது கஷ்டம். கூரைமேல் சாமான் வைக்கும் பெட்டி, இழுவைக் கொக்கி, ஆட்டோமேட்டிக் கியர் இவையெல்லாம் எவ்வளவு உபயோகமானாலும் மாற்றியமைப்பு ஆகாது.

மாற்றியமைக்காத வண்டிக்கும் ஓர் இடம் உண்டு. பார்வையற்றோர், காது கேளாதோர், மனவளர்ச்சி குன்றியோர், மரணத்தறுவாயில் உள்ள நோயாளிகள் ஆகியோருக்குப் பராமரிப்புத் தரும் தகுதி பெற்ற அமைப்பு, முக்கியமாக அவர்களை ஏற்றிச் செல்ல 7 முதல் 50 வரை இருக்கை உள்ள சாதாரண மினிபஸ்ஸை வாங்கினாலும் பூஜ்ய வரி. லிஃப்ட் தேவையில்லை.

பழைய வண்டிக்கும் சலுகை பொருந்தும். ஆனால் தனியாரிடம் வாங்கினால் அங்கே வாட்டே இல்லை, எனவே மிச்சப்படுத்த எதுவும் இல்லை. டீலர் தன் லாபத்துக்கு மட்டும் வாட் கட்டும் முறையில் விற்கிறார் என்றால் மிச்சமும் சிறியதாகத்தான் இருக்கும். பேரம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

படி 4: வரிசையைத் தவறவிடாதீர்கள்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி இதுதான். வண்டி உங்கள் கைக்கு வரும்போதே மாற்றியமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். டீலரிடம் வெறும் வேனை வாங்கிக்கொண்டு, அப்புறம் பட்டறையில் கொண்டுபோய் லிஃப்ட் போட்டால், நீங்கள் வாங்கியது சாதாரண வேன். அதற்கு 20 சதவீதம் உண்டு.

மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். வெறும் வேனைத் தனியாக வாங்கினால் 32,000 பவுண்டுக்கு 6,400 வாட். பிறகு செய்யும் மாற்றியமைப்பு வேலை, சக்கர நாற்காலியில் இருப்பவரின் நிலைக்கு ஏற்ப அவருக்குக் கொடுப்பதற்காக அறக்கட்டளை செய்வித்ததானால், பூஜ்ய வரியில் கிடைக்கலாம். ஆனாலும் 6,400 போனது போனதுதான். ஒரே வண்டி, ஒரே பட்டறை, ஒரே மனிதர்கள். வாங்கிய வரிசை மட்டும்தான் வேறு.

சரி, எப்படி வாங்குவது? டீலரோ மாற்றியமைக்கும் நிறுவனமோ, யாராவது ஒருவர் மாற்றியமைத்த முழு வண்டியையும் உங்களுக்கு ஒரே விற்பனையாக விற்க வேண்டும். பட்டறைக்கு வேலை கொடுப்பது, பணம் கொடுப்பது எல்லாம் அவர்களுக்குள் நடக்கட்டும். ஆர்டர் படிவத்தில் என்னென்ன மாற்றங்கள், எத்தனை சக்கர நாற்காலி இடம், லிஃப்டா சாய்தளமா என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கட்டும். உங்களுக்கு வரும் இன்வாய்ஸ் ஒன்றே ஒன்றாக, வண்டியும் மாற்றங்களும் அதில் விவரமாக இருக்க, வாட் 0 என்று காட்டட்டும். வேனுக்கு ஒன்று, லிஃப்டுக்கு ஒன்று என இரண்டு இன்வாய்ஸ் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திப் பேசுங்கள்.

முன்பணத்திலும் இதே கவனம் வேண்டும். சலுகைக்கான எழுத்துமூல உறுதிமொழி (படி 5இல் சொல்கிறேன்) கொடுக்காமல் கட்டிய முன்பணத்துக்கு டீலர் வாட் போட்டு ரசீது கொடுத்துவிட்டால், பிறகு அதைத் திருத்த வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வண்டியைச் சொந்தமாக வாங்காமல் குத்தகைக்கு எடுக்க நினைக்கும் அமைப்புகளுக்கும் வழி உண்டு: 15ஆம் பிரிவில் வாடகைக்கு எடுப்பதும் சேர்த்தி.

படி 5: உறுதிமொழியும் ஆதாரங்களும்

பூஜ்ய வரியில் விற்கும் பொறுப்பு டீலருடையது. தவறாகிவிட்டால் எச்.எம்.ஆர்.சி. முதலில் அவரைத்தான் பிடிக்கும். அதனால் அவர் தயங்குவது நியாயம். அவருக்கு வேண்டியதை நீங்களே தயாராகக் கொண்டுபோனால் வேலை எளிதாக முடியும்.

முதலில் நீங்கள் அறக்கட்டளை என்பதற்கான ஆதாரம். இங்கிலாந்து, வேல்ஸ் என்றால் சாரிட்டி கமிஷன் பதிவு எண், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து என்றால் அங்குள்ள பதிவு அமைப்பின் எண். பதிவு செய்யத் தேவையில்லாத சில தேவாலயங்களுக்கு, வரி விஷயத்தில் தங்களை அறக்கட்டளையாக ஏற்றுக்கொண்டு எச்.எம்.ஆர்.சி. கொடுத்த கடிதம் போதும். இங்கிலாந்து, வேல்ஸில் உள்ள நம் கோயில்களைப் பொறுத்தவரை ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாகப் பதிவு கட்டாயம், ஆகவே எண் ஏற்கெனவே இருக்கும்.

அடுத்தது எழுத்துமூல உறுதிமொழி. எச்.எம்.ஆர்.சி. கையேடுகளில் மாதிரி வாசகம் இருக்கிறது. அறக்கட்டளையின் பெயர், முகவரி, எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள், வண்டியின் விவரம், யாருக்காக என்பது, கையெழுத்திடுபவரின் பொறுப்பு எல்லாம் அதில் வர வேண்டும். முதல் கதவில் கேட்கிறவர்கள் அறக்கட்டளைக்குரிய வாசகத்தைப் பயன்படுத்துகிறோமா என்று பாருங்கள். தனிநபர் தனக்கே வாங்கும்போது நிரப்பும் படிவம் வேறு. அவர்களுக்கு 2017 ஏப்ரலிலிருந்து மூன்றாண்டுக்கு ஒரு வண்டி என்ற வரம்பும் இருக்கிறது.

உறுதிமொழியில் கையெழுத்திடுவதற்கு முன் அறங்காவலர் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள். படி 1இல் எழுதிய தாளை அதோடு இணையுங்கள். தவறான உறுதிமொழி கொடுத்தால் வரியோடு அபராதமும் வரலாம், அறங்காவலர்களின் பெயரும் கெடும். கையெழுத்துப் போடப்போகிறவர் தாளைப் படித்துப் பார்த்து, இது உண்மை என்று மனதார ஒப்புக்கொண்ட பிறகே போடட்டும்.

பணம் எங்கிருந்து?

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். வரி கட்டும் நன்கொடையாளர்களிடம் கிஃப்ட் எய்ட் படிவம் வாங்கினால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து வரும். உண்டியலில் விழும் சில்லறைக்குப் படிவம் வாங்க முடியாதே என்று விட்டுவிடாதீர்கள். 30 பவுண்டுக்கு மேற்படாத சிறு ரொக்க நன்கொடைகளுக்கு, ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை, படிவம் இல்லாமலே இதே 25 சதவீதத்தைக் கேட்கும் திட்டம் இருக்கிறது. அதாவது ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை கூடுதல். அதே ஆண்டில் வழக்கமான கிஃப்ட் எய்டும் ஓரளவு கேட்டிருக்க வேண்டும்: சிறு நன்கொடைத் தொகையில் பத்தில் ஒரு பங்காவது. வேன் நிதிக்கென்று தனி உண்டியல் வைக்கும் கோயில்கள் வேனுக்கென்றே வாங்கிய பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

படி 6: வண்டி வந்த பிறகு

வாட் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. வாகன வரி என்பது வேறு, அதைப் பார்ப்பது வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்குப் போக்குவரத்துத் தரும் அமைப்புகளின் வண்டிகளுக்கு மாற்றுத்திறனாளிப் பயணிகள் வாகனம் என்று தனி வகுப்பு இருக்கிறது, அதில் வரி கிடையாது. புது வண்டி என்றால் டீலர் முதல் பதிவிலேயே அந்த வகுப்பில் போடலாம். பழையது என்றால் வகுப்பை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பணம் கட்ட வேண்டாம் என்றாலும் ஆண்டுதோறும் டாக்ஸ் புதுப்பித்தே ஆக வேண்டும், இதை மறந்து அபராதம் வாங்கியவர்கள் ஏராளம். லண்டனில் ஓடும் வண்டிக்கு இந்த வகுப்பால் இன்னொரு நன்மை: புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணத்திலிருந்து 2027 அக்டோபர் 24 வரை விலக்கு.

பயணிகளிடம் ஏதாவது வாங்குகிறீர்களா? டீசலுக்கு இரண்டு பவுண்டு என்றாலும், வண்டியில் வர உரிமை தரும் உறுப்பினர் சந்தா என்றாலும், அது கட்டணம்தான். அப்போது 1985 போக்குவரத்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அனுமதி வேண்டும். கல்வி, சமயம், சமூகநலம், பொழுதுபோக்கு ஆகியவற்றில் ஈடுபடும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு இது கிடைக்கும். சமயம் என்று சட்டமே பெயர் சொல்லி வைத்திருப்பதால் கோயிலுக்குத் தடையில்லை. லாபம் மட்டும் பார்க்கக் கூடாது, சாலையில் நிற்கும் பொதுமக்களை ஏற்றக் கூடாது. சிறிய வண்டிக்கும் 16 பயணிகள் வரையிலான மினிபஸ்ஸுக்கும் அனுமதிக் கட்டணம் 11 பவுண்டு மட்டுமே, ஐந்தாண்டு வரை செல்லும். வட அயர்லாந்தில் முறை வேறு.

ஓட்டுநர் விஷயத்தில் வேன் வாங்கும் முன்பே யோசியுங்கள். 1997 ஜனவரி 1க்கு முன் கார் லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு மினிபஸ் ஓட்டும் டி1 உரிமை பொதுவாகச் சேர்ந்தே வந்திருக்கும். ஆனால் அவர்களில் பலர் இப்போது எழுபதை நெருங்குகிறார்கள், எழுபதுக்குப் பிறகு டி1 வேண்டுமென்றால் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதற்குப் பின் லைசென்ஸ் எடுத்த இளையவர்களும் தொண்டராக, சம்பளம் வாங்காமல் ஓட்டலாம்: வயது 21 ஆகியிருக்க வேண்டும், லைசென்ஸ் எடுத்து இரண்டாண்டு ஆகியிருக்க வேண்டும், வண்டியின் உச்ச எடை 3.5 டன்னுக்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகள் பொருத்தியிருந்தால் அவற்றையும் சேர்த்து 4.25 டன் வரை. லிஃப்ட் போட்ட 16 இருக்கை மினிபஸ் இந்த எல்லையை எளிதில் உரசும். எனவே ஆர்டர் கொடுக்கும்போதே எடையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அழகான வண்டி வந்து, ஓட்ட உரிமை உள்ளவர் குழுவில் ஒருவர்கூட இல்லாமல் நிற்பதைப்போல் வயிறெரிச்சல் வேறில்லை.

ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. சக்கர நாற்காலியை நான்கு வார்களாலும் பூட்டுவது, அதில் இருப்பவருக்குத் தனி பெல்ட் போடுவது, லிஃப்டில் ஏற்றும்போது எங்கே நிற்பது என்பதெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. சமூகப் போக்குவரத்துச் சங்கம் நடத்தும் மைடாஸ் பயிற்சியில் இவை இருக்கின்றன. தொண்டர்கள் அனைவரையும் அனுப்புங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். ஆட்களைத் தூக்கும் லிஃப்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியான ஒருவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும். எட்டுப் பயணி இருக்கைக்கு மேல் உள்ள வண்டிக்கு சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்.ஓ.டி. சோதனை முதல் ஆண்டு முடிவிலேயே தொடங்கிவிடும், மூன்றாண்டு காத்திருக்க முடியாது.

பழுதுபார்ப்பதற்கும் சலுகை நீள்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பூஜ்ய வரியில் அறக்கட்டளை வாங்கிய தகுதியான வண்டியின் பழுதுபார்ப்பும் பராமரிப்பும் பூஜ்ய வரியில் கிடைக்கும். 15ஆம் பிரிவில் வாங்கியதானால் அந்தச் செலவும் அறக்கட்டளைப் பணத்திலோ நன்கொடையிலோ செய்யப்பட வேண்டும். கராஜுக்கும் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுங்கள். டீசலுக்கு இது கிடையாது.

ஏற்கெனவே வாட் கட்டிவிட்டீர்களா?

வாங்கி நான்கு ஆண்டுக்குள் என்றால் திரும்பப் பெற வாய்ப்பிருக்கிறது. ஆனால் எச்.எம்.ஆர்.சி.யிடம் நேரே கேட்டால் தராது. விற்ற டீலரிடம்தான் கேட்க வேண்டும், அவர் தன் வாட் கணக்கைத் திருத்தி உங்களுக்குத் தருவார். அவருக்கு எழுதும் கடிதத்தில் இன்வாய்ஸ் எண், தேதி, வண்டிப் பதிவு எண், கட்டிய வாட் தொகை, எந்தப் பிரிவின்படி பூஜ்ய வரிக்கு உரிமை இருந்தது, வாங்கியபோதே வண்டி மாற்றியமைக்கப்பட்டிருந்தது என்பதற்கான ஆர்டர் படிவ நகல் ஆகியவற்றைச் சேருங்கள். உறுதிமொழியையும் கையெழுத்திட்டு இணையுங்கள். டீலர் மறுத்தால் 701/59 அல்லது 701/6 கையேட்டில் உங்களுக்குப் பொருந்தும் பகுதியை அச்செடுத்து, அவருடைய கணக்காளரிடம் பேசலாமா என்று கேளுங்கள். விற்பனையாளரைவிடக் கணக்காளருக்கு இது சீக்கிரம் புரியும். நான்கு ஆண்டுக் கெடு நெருங்குகிறது என்றால் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.